ஒரு தாய், ஒரு பதிவு

(கணினி அறிவியல் மாணவர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் சேர்ந்திருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் ஒரு பக்கம் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். மறுபக்கம் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் செவிலியர்கள் இருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஒரு சிக்கலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஏற்கெனவே இருக்கும் பதிவைத் திருத்த வேண்டிய இடத்தில் புதிதாக இன்னொரு பதிவு விழுந்துவிடுகிறதே, அதுதான். மாணவர்கள் இதை எஸ்.க்யூ.எல். வகுப்பில் இன்செர்ட்டா, அப்டேட்டா என்ற அளவில் படித்திருப்பீர்கள். செவிலியர்களுக்கு இது ஒரு பெண்ணின் ரத்த வகை எங்கே எழுதப்பட்டது என்றே தெரியாமல் போகும் விஷயம்.

கோமதி என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பெயர் என் கற்பனை. நிலைமை உங்களுக்குத் தெரிந்ததுதான். பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம், வாக்கப்பட்டது திருப்பூரில். மூன்றாம் மாதம் திருப்பூரில் பதிவு செய்கிறார்கள். ரத்த வகை ஓ நெகட்டிவ், ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஆகவே மாத்திரை கொடுத்துக் கவனித்து வருகிறார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்துவிடுகிறார். இங்கே இருக்கும் செவிலியர் பெயரைத் தட்டித் தேடுகிறார். திருப்பூரில் கணவர் இனிஷியலோடு ‘செ. கோமதி’ என்று பதிவாகியிருக்கிறது. பிறந்த ஊரில் அவர் அன்றும் இன்றும் ‘மு. கோமதி’. தேடலில் எதுவும் கிடைக்கவில்லை. வாசலில் இன்னும் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். புதுப் பதிவு போடப்படுகிறது.

இனி என்ன நடக்கும்? திருப்பூர்க் கணக்கில் அவர் பரிசோதனைக்கு வராமல் விடுபட்ட தாய். உசிலம்பட்டிக் கணக்கில் ஏழாம் மாதம் வரை யாரிடமும் காட்டாமல் இருந்த தாய். இரண்டுமே பொய். ரத்த வகை முதல் பதிவில் இருக்கிறது, இரண்டாவதில் அந்தக் கட்டம் காலி. ஆர்.ஹெச். நெகட்டிவ் தாய்க்கு 28-ஆவது வாரத்தை ஒட்டி ஆன்டி-டி ஊசி போடுவது மருத்துவ வழக்கம். பிறந்த குழந்தை பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் போட வேண்டும். பிரசவ வார்டில் ரத்தத்தைத் திரும்பவும் பரிசோதிப்பார்கள், உண்மைதான். ஆனால் 28-ஆவது வாரம் அதற்குள் போய்விட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு ‘பிக்மி’ எண் கொடுக்கிறோமே, அந்த 12 இலக்க எண்ணின் பயன் இங்கேதான் இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் எண் கூடவே போக வேண்டும். அந்த மென்பொருள் உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்குள் நான் போகவில்லை. இப்படிப்பட்ட எந்தப் பதிவேட்டையும் எப்படிக் கட்ட வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

1970 ஜூனில் எட்கர் காட் என்ற கணித அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர் அவர். இன்று நாம் பயன்படுத்தும் எல்லா அட்டவணைத் தரவுத்தளங்களும் அந்தக் கட்டுரையிலிருந்து பிறந்தவை. அவருடைய கணக்கில் ஓர் அட்டவணை என்பது ஒரு கணம். பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே கணம்தான். ஓர் உறுப்பு அதற்குள் இருக்கும், அல்லது இருக்காது. இரண்டு தடவை இருப்பது என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்ட ஒரு கீ உண்டு என்பதும் அதிலேயே அடக்கம்.

நான்கு ஆண்டு கழித்து, 1974-இல், அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் சீக்வல் என்ற மொழியை அறிமுகப்படுத்தினார்கள். அதுதான் பிறகு எஸ்.க்யூ.எல். ஆனது. அந்த மொழி காட் போட்ட கண்டிப்பைத் தளர்த்திவிட்டது. கீ இல்லாமலும் அட்டவணை செய்யலாம், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போடலாம். இரட்டிப்பை நீக்க ஒவ்வொரு முறையும் வரிகளை அடுக்கி ஒப்பிட வேண்டும், அன்றைய கணினிகளுக்கு அது பெருஞ்செலவு. அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் காட் சொன்னதே சரி என்று நினைக்கிறேன். இந்தத் தளர்வை அவர் பிற்காலத்தில் கடுமையாகக் குறை சொல்லி எழுதினார்.

‘எங்கள் அட்டவணையில் பிரைமரி கீ இருக்கிறதே’ என்று மாணவர்கள் கேட்கலாம். இருக்கிறது. பெரும்பாலும் அது தானாக ஏறும் ஓர் எண். 40,217-க்கு அடுத்து 40,218. கோமதியை இரண்டு முறை பதிந்தால் இரண்டு எண் கிடைக்கும், இரண்டும் வேறு வேறு, தரவுத்தளத்துக்கு முழுத் திருப்தி. வரிகளை இணைப்பதற்கு அந்த எண் மிகவும் உதவும். நானும் எப்போதும் வைப்பேன். ஆனால் அட்டவணைக்கு வெளியே, ரத்தமும் சதையுமாக இருக்கும் மனுஷியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ‘எது ஒத்துப்போனால் இவர் அதே ஆள்?’ என்ற கேள்விக்கு அது விடை சொல்வதே இல்லை. அந்த விடையை நாம்தான் முடிவு செய்து, ஒரே மதிப்பு இரண்டு முறை நுழைய விடாத யூனிக் கட்டுப்பாடாகத் தரவுத்தளத்திடம் ஒப்படைக்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

ஏன் தரவுத்தளத்திடம்? நிரலுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளக் கூடாதா? புதிதாக எழுதுபவர்கள் எல்லாரும் முதலில் அப்படித்தான் எழுதுவார்கள். செலக்ட் போட்டுத் தேடு. இருந்தால் அப்டேட், இல்லாவிட்டால் இன்செர்ட். படிக்கும்போது பிழை எதுவும் தெரியாது. தனி ஆளாக உட்கார்ந்து சோதித்தாலும் சரியாகவே ஓடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தும்போதுதான் விஷயம் வெளிவரும். முதல் ஜன்னலில் இருப்பவர் தேடுகிறார், இல்லை. இரண்டாம் ஜன்னலில் இருப்பவர் தேடுகிறார், இல்லை. முதலாமவர் எழுதுகிறார். இரண்டாமவரும் எழுதுகிறார். பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவே கண் இமைக்கும் நேரம்கூட இல்லை, அதற்குள் உலகம் மாறிவிட்டது. டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. போஸ்ட்கிரஸ், ஆரக்கிள், எஸ்.க்யூ.எல். சர்வர் மூன்றிலும் இயல்பாக இருக்கும் ‘ரீட் கமிட்டட்’ நிலையில், ஒருவர் இன்னும் உறுதிசெய்யாத வரி மற்றவர் கண்ணுக்குப் படாது. இல்லாத வரியைப் பூட்டி வைக்கவும் முடியாது.

இதற்கு இரண்டு பேர்கூட வேண்டாம். மலையோரக் கிராமத்தில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. செவிலியர் சேமி என்று அழுத்துகிறார். தகவல் சர்வருக்குப் போய்ப் பதிவாகிவிட்டது. ஆனால் பதிவானது என்ற பதில் திரும்பி வரும் வழியில் தொலைந்துவிட்டது. டேப்லெட் மறுபடி அனுப்புகிறது. ஒரே செவிலியர், ஒரே தாய், ஒரே விரல், இரண்டு பதிவு.

யூனிக் கட்டுப்பாடு இருந்தால் இந்த இரண்டு நிலைமையிலும் இரண்டாவது இன்செர்ட் நுழைய முடியாது. சரிபார்ப்பதும் எழுதுவதும் தரவுத்தளத்துக்குள் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்கின்றன. கட்டுப்பாட்டின் மேல் நின்றுகொண்டுதான் ‘இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்’ என்ற கட்டளையைக் கொடுக்க முடியும். அப்டேட், இன்செர்ட் இரண்டையும் ஒட்டி இதை அப்செர்ட் என்று நிரலர்கள் சொல்கிறார்கள். அடியில் கட்டுப்பாடு இல்லாத அப்செர்ட்டை நான் நம்ப மாட்டேன்.

மை எஸ்.க்யூ.எல். 4.1 பதிப்பிலிருந்தே ‘ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்’ என்ற வசதியைத் தருகிறது. ஆரக்கிள் 9ஐ 2001-இல் ‘மெர்ஜ்’ கொண்டுவந்தது. 2003-இல் அது எஸ்.க்யூ.எல். தரநிலைக்குள்ளும் நுழைந்தது. போஸ்ட்கிரஸ் நெடுநாள் காத்திருந்து, 2016 ஜனவரியில் வெளிவந்த 9.5 பதிப்பில் ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’ கொடுத்தது. அதுவரை அதன் பயனர்கள் அப்டேட் செய், ஒன்றும் அகப்படாவிட்டால் இன்செர்ட் செய், இன்செர்ட் மோதினால் மறுபடி மேலே போ என்று ஒரு சுழற்சியைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாமதமாக வந்தாலும் நேர்மையாக வந்த வசதி அது. பலர் ஒரே நேரத்தில் எழுதினாலும் சேர்த்தல், திருத்தல் இரண்டில் ஒன்று நடந்தே தீரும் என்ற உறுதியோடு கட்டினார்கள். எஸ்.க்யூ.லைட் 2018-இல் அதே வாக்கிய அமைப்பை எடுத்துக்கொண்டது. ‘மெர்ஜ்’ ஒரு முழு அட்டவணையை இன்னொன்றோடு பொருத்திச் சேர்க்க அருமையான கருவி. ஆனால் எஸ்.க்யூ.எல். சர்வரில் ‘ஹோல்ட்லாக்’ குறிப்பு இல்லாமல் எழுதினால் நான் சொன்ன அதே இடைவெளி அதற்குள்ளும் இருக்கிறது. 2022-இல் போஸ்ட்கிரஸுக்கு வந்த மெர்ஜும் ஒரே நேர மோதலில் பிழை காட்டி நின்றுவிடலாம். ஒற்றை வரிக்கு ‘ஆன் கான்ஃப்ளிக்ட்’ போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மை எஸ்.க்யூ.எல்.-இல் ‘ரீப்ளேஸ்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. எஸ்.க்யூ.லைட்டில் ‘இன்செர்ட் ஆர் ரீப்ளேஸ்’. சுருக்கமாக இருப்பதால் பலருக்கும் பிடிக்கும். அது திருத்துவதே இல்லை. பழைய வரியை அழித்துவிட்டுப் புதிய வரியைப் போடுகிறது. இதனால் மூன்று சேதம் வரும். புதிய வரியில் நீங்கள் சொல்லாத கட்டங்கள் எல்லாம் காலியாகும். திருப்பூரில் எழுதிய ரத்த வகை உசிலம்பட்டிப் படிவத்தில் இல்லையென்றால், அது போயிற்று. தானாக ஏறும் எண் பிரைமரி கீயாக இருந்து, மோதல் வேறொரு கட்டத்தில் நடந்தால், தாய்க்குப் புது எண் கிடைக்கும். மூன்றாவதுதான் பெரிய சேதம். பரிசோதனை அட்டவணை தாயின் வரியோடு ஃபாரின் கீயால் கட்டப்பட்டு, ‘தாய் அழிந்தால் பிள்ளை வரிகளும் அழியட்டும்’ என்ற ஏற்பாடு அதில் இருந்தால், முகவரியை மாற்றப் போட்ட ஒரு ரீப்ளேஸ், ஏழு மாத ரத்த அழுத்தம், எடை, ஸ்கேன் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு பிழைச் செய்தியும் காட்டாமல் துடைத்துவிடும். நோயாளிப் பதிவேட்டில் ரீப்ளேஸ் எழுதிய நிரலை நான் ஏற்க மாட்டேன். மாணவர்களே, நீங்களும் ஏற்காதீர்கள்.

‘இன்செர்ட் இக்னோர்’ என்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். இரட்டிப்பைத் தடுக்கிறேன் என்று சொல்லி, நீளம் மிஞ்சிய பெயர், தப்பான தேதி போன்ற வேறு பிழைகளையும் வெறும் எச்சரிக்கையாக்கி விழுங்கிவிடும்.

சரியான வாக்கியம் எப்படி இருக்கும்? போஸ்ட்கிரஸ் முறையில், கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் காட்டுகிறேன்:

இன்செர்ட் இன்டு தாய்மார் (பதிவெண், பெயர், ஊர், ரத்தவகை) வேல்யூஸ் (…)
ஆன் கான்ஃப்ளிக்ட் (பதிவெண்) டூ அப்டேட்
செட் ஊர் = எக்ஸ்க்ளூடட்.ஊர்,
ரத்தவகை = கோஅலெஸ்(தாய்மார்.ரத்தவகை, எக்ஸ்க்ளூடட்.ரத்தவகை)

‘எக்ஸ்க்ளூடட்’ என்பது நாம் சேர்க்க முயன்று, மோதலால் உள்ளே போகாமல் நின்ற வரி. ஊர் மாறக்கூடியது, எனவே புதிதாக வந்ததை எடுத்துக்கொள்கிறோம். பெயரைப் பாருங்கள், திருத்தும் பகுதியில் அது இல்லவே இல்லை. ‘செ. கோமதி’யை ‘மு. கோமதி’ ஆக்கும் உரிமையை இந்தப் படிவத்துக்கு நான் கொடுக்கவில்லை. ரத்த வகை பிறவியில் அமைந்தது. ஏற்கெனவே ஒன்று இருந்தால் அது நிற்கட்டும், காலியாக இருந்தால் மட்டும் புதியது நிரப்பட்டும் என்கிறது அந்தக் கடைசி வரி. இருப்பதும் வருவதும் முரண்பட்டால் இரண்டில் ஒன்று தவறு. அதை நிரல் தீர்க்கக் கூடாது, ரத்தத்தைத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி ஒரு தனி முடிவு உண்டு. எல்லாக் கட்டத்தையும் ஒட்டுமொத்தமாக ‘வந்ததை எழுது’ என்று விடுகிறவர், யோசிக்க வேண்டிய வேலையை யோசிக்காமல் விடுகிறார்.

கடைசியாக வந்தது கடைசியாக நடந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. திங்கட்கிழமை ஒரு டேப்லெட்டில் எழுதியது சிக்னல் இல்லாமல் அதற்குள்ளேயே கிடக்கிறது. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் வேறொருவர் திருத்துகிறார். வெள்ளிக்கிழமை டேப்லெட்டுக்குச் சிக்னல் கிடைக்கிறது. திங்கட்கிழமைத் தகவல் வந்து புதன்கிழமைத் தகவலின் மேல் உட்காருகிறது. அதனால்தான் எழுதிய நேரத்தை ஒரு கட்டத்தில் வைத்து, திருத்தும் பகுதியின் முடிவில் ஒரு ‘வேர்’ நிபந்தனை போட வேண்டும்: வரும் தகவலின் நேரம் இருக்கும் தகவலின் நேரத்தைவிடப் பிந்தியதாக இருந்தால் மட்டும் திருத்து.

சில அட்டவணைகளில் திருத்தவே கூடாது. பரிசோதனை அட்டவணை அப்படிப்பட்டது. மூன்றாம் மாதம் 8.9, ஐந்தாம் மாதம் 9.6, ஏழாம் மாதம் 10.8 என்று ஹீமோகுளோபின் ஏறிவந்த பாதையே மருத்துவருக்குச் செய்தி. ‘ஒரு தாய்க்கு ஒரு வரி’ என்ற கொள்கையை இங்கேயும் கொண்டுவந்தால் 10.8 மட்டும் மிஞ்சும், அவர் எந்த நிலையிலிருந்து மீண்டு வந்தார் என்பது அழியும். தாய் ஓர் ஆள், அவருக்கு ஒரு வரி. பரிசோதனை ஒரு நிகழ்ச்சி, நடந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. சிக்னல் போனதால் அதே நிகழ்ச்சி இரண்டு முறை வந்தால்? டேப்லெட் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அனுப்பும் முன்பே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கிச் சேர்த்து அனுப்பட்டும். அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு, மோதினால் ‘டூ நத்திங்’. நூறு முறை அனுப்பினாலும் ஒரே வரிதான் நிற்கும்.

இனி மிகக் கடினமான கேள்விக்கு வருகிறேன். முதல் தடவை வருகிறவரிடம் பதிவெண் இருக்காது. அவர் ஏற்கெனவே பதிவானவரா என்று எதை வைத்துப் பார்ப்பது?

கைபேசி எண்ணை வைக்கலாம் என்று பெரும்பாலும் யாராவது ஒருவர் சொல்வார். தயவுசெய்து வேண்டாம். செவிலியர்களைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள். ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள், இரண்டு பேருமே கர்ப்பம், வீட்டில் இருப்பது மாமியாரின் கைபேசி ஒன்றுதான். மூத்தவர் ஓ நெகட்டிவ், இளையவர் பி பாசிட்டிவ். கைபேசி எண்ணை யூனிக் ஆக்கி அதன்மேல் அப்செர்ட் எழுதினால், இளையவர் பதிவு செய்ய வந்ததும் மூத்தவரின் வரி திருத்தப்படும். இரண்டு பெண்கள் ஒரே வரியாகிவிடுவார்கள். மை எஸ்.க்யூ.எல்.-இல் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். எந்தக் கீ மோதினால் திருத்துவது என்று அந்தக் கட்டளையில் சொல்ல முடியாது, அட்டவணையில் உள்ள எந்த யூனிக் கட்டுப்பாடு மோதினாலும் திருத்தப் போய்விடும். போஸ்ட்கிரஸில் ‘டூ அப்டேட்’ எழுத வேண்டுமானால் எந்த மோதல் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்தை நான் வரவேற்கிறேன்.

இரட்டிப்பைவிட இந்தத் தவறான இணைப்பு மோசமானது. ஒருவருக்கு இரண்டு பதிவு இருந்தால் பின்னால் கண்டுபிடித்துச் சேர்க்கலாம், இரண்டு வரியும் அழியாமல் கிடக்கும். இரண்டு பேர் ஒரு பதிவாகிவிட்டால் எந்த எடை யாருடையது, எந்த ஊசி யாருக்குப் போட்டது என்று பிரிக்க வழியே இருக்காது. ஆகவே சந்தேகம் வந்தால் புதுப் பதிவு போடுங்கள், சந்தேகத்தையும் கூடவே பதிந்து வையுங்கள். இரட்டிப்பு வேண்டாம் என்று பேச வந்தவன் இப்படிச் சொல்கிறேனே என்று தோன்றலாம். நன்றாக யோசித்தே சொல்கிறேன்.

ஆதார்? ஆளைப் பொருத்திப் பார்க்க அது உதவும். ஆனால் ரகசியமாகக் காக்க வேண்டிய அந்த எண்ணைப் பிரைமரி கீ ஆக்கி எல்லா அட்டவணையிலும் பரப்புவது தவறு. அட்டை கொண்டுவராத பெண்ணைத் திருப்பி அனுப்புவது அதைவிடத் தவறு. அவர்களுக்கு அந்தக் கட்டம் ‘நல்’ ஆக, வெறுமையாக இருக்கட்டும். போஸ்ட்கிரஸிலும் மை எஸ்.க்யூ.எல்.-இலும் யூனிக் கட்டத்தில் எத்தனை ‘நல்’ வேண்டுமானாலும் இருக்கலாம். எஸ்.க்யூ.எல். சர்வரில் ஒன்றுதான் இருக்கலாம், அங்கே வெறுமையை விலக்கிய இண்டெக்ஸ் போட வேண்டும். இதே குணம் இன்னொரு இடத்தில் நம்மைக் கவிழ்க்கும். பெயர், பிறந்த தேதி, ஊர் மூன்றையும் சேர்த்து யூனிக் ஆக்கியிருக்கிறீர்கள், பிறந்த தேதி வெறுமை. அப்படியானால் கட்டுப்பாடு வேலையே செய்யாது, அதே வரி எத்தனை முறை வந்தாலும் உள்ளே போகும். போஸ்ட்கிரஸின் 15-ஆம் பதிப்பு முதல் வெறுமைகளை ஒன்றாகக் கருதச் சொல்லலாம். இந்த இடத்தில் அது வேண்டாம் என்பேன். தேதி தெரியாத இரண்டு பெண்கள் ஒரே பெண் ஆகமாட்டார்கள்.

இரண்டு பதிவு ஒரே ஆளுடையதா என்பதைக் கணினிகள் பரவும் முன்பே யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களைக் கவனித்த ஹால்பர்ட் டன் 1946-இல் இதைப் பற்றி எழுதினார். கனடாவில் ஹோவர்ட் நியூகோம்ப் 1959-இல் கணினி கொண்டு செய்து காட்டினார். அதே நாட்டின் புள்ளியியல் துறையைச் சேர்ந்த ஐவன் ஃபெலகியும் ஆலன் சண்டரும் 1969-இல் அதற்குக் கணித அடித்தளம் போட்டார்கள். அவர்கள் முறையில் விடை இரண்டல்ல, மூன்று. இவர் அவரே, இவர் அவர் இல்லை, மூன்றாவதாக, மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டியது. அந்த மூன்றாவது பெட்டிக்கு மென்பொருளில் ஒரு திரையும், அதைப் பார்க்க ஓர் ஆளும், அந்த ஆளுக்கு நேரமும் ஒதுக்க வேண்டும். எந்த மொழியின் எந்தக் கட்டளையும் இந்த வேலையைச் செய்துவிடாது.

பெயரை ஒப்பிடும்போது நம் மொழிக்கே உரிய சில இடர்கள் உண்டு. இனிஷியல் மாறுவதை முதலிலேயே சொன்னேன். அதைப் பெயரோடு ஒட்டாமல் தனிக் கட்டத்தில் வையுங்கள், தேடும்போது விட்டுவிடுங்கள். ஆங்கில எழுத்தில் பதிந்தால் கோமதியை ‘ஜி’ போட்டு எழுதுபவர்களும் ‘கே’ போட்டு எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஒலியை வைத்துப் பெயர் தேட ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை பல தரவுத்தளங்களில் இன்றும் இருக்கிறது. அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். எனவே ஜி கோமதியும் கே கோமதியும் அதற்கு வேறு வேறு ஆட்கள்.

தமிழ் எழுத்திலேயே பதிந்தால் தீர்ந்ததா? அங்கும் ஒரு நுட்பம் இருக்கிறது, தமிழில் மென்பொருள் எழுத வருகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. யூனிகோடில் ‘கோ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் போடலாம். திரையில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரியும், உள்ளே எண்கள் வேறு. எண்களைக் கொண்டு ஒப்பிடும் யூனிக் கட்டுப்பாடு இரண்டு கோமதிகளையும் உள்ளே விடும். இதற்கு மருந்து இருக்கிறது. சேமிக்கும் முன் எழுத்தை ‘என்.எஃப்.சி.’ வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். போஸ்ட்கிரஸ் 13 முதல் அதற்கென்றே ‘நார்மலைஸ்’ செயல்பாடு உண்டு. கௌசல்யா விஷயத்தில் அந்த மருந்தும் பலிக்காது. சிலர் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பையும் ளகர எழுத்தையும் தட்டிவிடுகிறார்கள். யூனிகோடின் பார்வையில் அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். ஸ்ரீதேவியும் அப்படித்தான். 2005-இல் யூனிகோடில் தனி ‘ஶ’ சேர்ந்த பிறகு அந்த முதல் எழுத்தை இரண்டு வழியில் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இவற்றுக்கு நாமே ஒரு மாற்றுப் பட்டியல் எழுதி, தேடுவதற்கென்று தனிக் கட்டத்தில் சீராக்கிய பெயரை வைக்க வேண்டும். எழுதித் தந்தபடியே உள்ள பெயர் பக்கத்திலேயே தொடாமல் இருக்கட்டும். அது அவருடைய பெயர்.

கடைசியாக, ஏற்கெனவே இரட்டிப்பு நிறைந்துவிட்ட அட்டவணையை என்ன செய்வது? அதில் இப்போது யூனிக் கட்டுப்பாடு போட முயன்றால் தரவுத்தளம் மறுத்துவிடும். முதலில் ‘குரூப் பை’ போட்டு, ‘ஹேவிங் கவுன்ட்’ ஒன்றுக்கு மேல் உள்ளவற்றை எடுங்கள். உடனே அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் எந்த வரி நிலைக்கப்போகிறது என்று முடிவு செய்து, மற்றதன் பரிசோதனை வரிகளையெல்லாம் நிலைக்கும் தாயின் எண்ணுக்கு மாற்றுங்கள். காலிக் கட்டங்களை மற்ற வரியிலிருந்து நிரப்புங்கள். முரண்படும் கட்டங்களை மனிதர் பார்க்க ஒதுக்குங்கள். ஒரு தாயின் வரிகளைச் சேர்க்கும் வேலை முழுவதும் ஒரே டிரான்சாக்‌ஷனில் நடக்கட்டும். பாதியில் மின்சாரம் போனாலும் பாதித் தாய் மிஞ்சக் கூடாது. சேர்த்து முடித்த கையோடு கட்டுப்பாட்டைப் போட்டுவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் ராத்திரியே புது இரட்டிப்பு விழும்.

விலக்கிய எண்ணைக் குப்பையில் போடாதீர்கள். பழைய எண் இது, இப்போதைய எண் இது என்று இரண்டு கட்டம் கொண்ட ஒரு சிறிய அட்டவணை வையுங்கள். பழைய எண் அச்சிட்ட அட்டை ஒரு பெண்ணின் கைப்பையில் இருக்கிறது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தின் மகப்பேறு நிதியுதவிக்கு அவர் அந்த எண்ணைத்தான் எழுதிக் கொடுத்திருக்கலாம். பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் அதைத்தான் நீட்டுவார். அந்த எண்ணைத் தட்டினால் ‘பதிவு இல்லை’ என்று திரை சொல்லக் கூடாது. இந்த அட்டவணையைப் பார்த்து, சரியான வரியைத் திறந்து காட்ட வேண்டும்.